மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி

டிசம்பர் இதழுக்கு கிறிஸ்துமஸ் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். நான் போதகர் அல்லன். 38 ஆண்டுகள் ரயில் பாதையோடு வாழ்ந்தவன். எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்ல முடியும்.

கேக்கும் நட்சத்திர விளக்கும் அன்பர்கள் அறிந்தவை. பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் 'அட்வென்ட்' என்னும் வருகைக் காலம் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு ஊதா விரிப்பு போடுவார்கள். ஊதா, மனம் வருந்துதலின் நிறம். அந்நாட்களில் யோவான் ஸ்நானகனைப் பற்றிய வேதபாகம் வாசிக்கப்படும். யோர்தான் நதிக்கரையில் நின்று, வரப்போகிறவருக்கு வழியை ஆயத்தப்படுத்தச் சொன்னவர் அவர். அங்கே ஏசாயா தீர்க்கதரிசியின் பழைய வாக்கை லூக்கா எடுத்துக் காட்டுகிறார். பள்ளம் நிரம்புவதும் மலை தாழ்வதும் கோணல் நேராவதுமாக, அதில் வருவது முழுக்க எர்த்வொர்க்!

எங்கள் தொழிலில் மேட்டை வெட்டுவது 'கட்டிங்'. பள்ளத்தை நிரப்புவது 'பேங்க்'. வெட்டிய மண் நல்லதாக இருந்தால் அதையே அடுத்த பள்ளத்தில் கொட்டுவோம். யோவானிடம் ஜனங்கள், நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள். அழுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவன் விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. போர்ச்சேவகன் மிரட்டிப் பறிக்கக் கூடாது என்றார். இங்கே வெட்டிய மண் அங்கே போகிறது. மனந்திரும்புதலுக்கு மூலமொழியான கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்பார்கள். எண்ணம் மாறுதல் என்று பொருள். எண்ணம் மாறினால் கை சும்மா இருக்காது என்பது யோவானின் கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கு வெகுகாலம் வரவில்லை. 1994 மழைக்காலத்தில் என் செக்‌ஷனில் ஒரு கட்டிங்கில் மண் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பக்கத்து வடிகாலைத் தூர் வாரச் சொல்ல நான் மறந்திருந்தேன். விசாரணையில், சொன்னேன், கேங் மேட் செய்யவில்லை என்று எழுதிவிட்டேன். அவருக்கு ஓராண்டு இன்கிரிமென்ட் நின்றது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாவ அறிக்கை சொல்லி வந்தேன். ஆண்டவரிடம் சொல்வது எளிது. சார்ஜ்ஷீட் வாங்கியவரிடம் அல்லவா சொல்ல வேண்டும்! காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பதே இயேசுவின் போதனை. அந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் நான் தலை நிமிர்ந்ததில்லை.

2019-இல் ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "தெரியும் சாப்" என்றார், அவ்வளவுதான். சிறிய தொகை என்று நான் நினைத்திருந்தேன். அந்த வருடம் அடகு வைத்த கொலுசு கடைசிவரை மீளவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன சகேயு நினைவுக்கு வந்தான். பணத்தை நீட்டினேன், மேட் வாங்கவில்லை. ஊர் திரும்பி, உண்மையை எழுதிப் பழைய அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவருக்கும் ஒரு பிரதி. அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. பிரதி கிடைத்தது, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன் என்று அவர் மகன் போன் செய்தான்.