மாணவிகளா, வேலையாட்களா?



"வார்டு வேலையில் பாதியைப் பயிற்சி மாணவிகள்தானே செய்கிறார்கள்? பிறகு அவர்கள் படிப்புக்கென்று தனியாகக் காணிக்கை எதற்கு?" சபைகளுக்குச் செல்லும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இதே கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் மேரி அடிலெய்ட் நட்டிங் அம்மையார்.

1858இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்த இவர், இளமையில் சிறிது காலம் இசை கற்பித்தார். 1884இல் தாயார் மரணப் படுக்கையில் கிடந்தபோது உடனிருந்து பராமரித்தார். அந்த நாட்களே அவர் மனதை நர்ஸ் பணியின் பக்கம் திருப்பின. 1889இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புதிதாகத் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1891இல் தேறிய முதல் வகுப்பில் 17 பேர்; அவர்களில் இவரும் ஒருவர். மூன்றே ஆண்டுகளில் அப்பள்ளியின் தலைவியானார்.

அக்காலத்தில் மருத்துவமனைகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியதற்கு முக்கியக் காரணம், வார்டுக்கு ஆள் வேண்டும் என்பதே. மாணவி நாளொன்றுக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பாள். கைச்செலவுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கிடைக்கும். பாடமோ, களைத்துப்போன மாலை வேளையில்! வார்டில் ஆள் குறைந்தால் அதுவும் இல்லை. தேறியவர்கள் வீடுகளில் தனிப்பட்ட முறையில் நோயாளிகளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிய மாணவிகள் வருவார்கள்.

நட்டிங் அம்மையார் 1890களின் நடுவில் இதை மாற்றினார். படிப்பை மூன்று ஆண்டுகளாக்கி, வேலையை எட்டு மணி நேரமாகக் குறைத்தார். மாதப் பணத்தையும் நிறுத்தினார்! இது எங்களுக்கு முதலில் கொடுமையாகவே தோன்றியது. ஆனால் அவர் கண்டது வேறு: பணம் கொடுக்கும்வரை மருத்துவமனை அவளை வேலையாளாகத்தான் நடத்தும், அவளும் படிப்பைக் கேட்டுப் பெற முடியாது. அந்தப் பணத்துக்குப் பதில் கல்வி உதவித்தொகை ஏற்படுத்தினார். எனினும் உதவித்தொகை எல்லோருக்கும் எட்டாதே! வராமலே போன ஏழைப் பெண்கள் எத்தனை பேரோ என்ற உறுத்தல் எங்களுக்கு உண்டு.

1901இல் இன்னொரு படி. நோயாளியைத் தொடுமுன் ஆறு மாதம் உடற்கூறு, சுகாதாரம், மருந்தியல், நோயாளிக்கான சமையல் ஆகியவற்றைக் கற்க வேண்டும் என்றார். ஊசி போடக் கைநடுங்கும் புது மாணவியை வார்டில் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1907இல் நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்குச் சென்று, உலகிலேயே நர்சிங் துறையின் முதல் பேராசிரியரானார். லவினியா டாக் அம்மையாரோடு எழுதிய நர்சிங் வரலாறு வெளிவரத் தொடங்கியதும் இக்காலத்தில்தான்.

அவர் விடாமல் சொன்னது ஒன்றே: மருத்துவமனையின் பணப்பெட்டியை நம்பியிருக்கும் பள்ளி, முதலில் மருத்துவமனையின் தேவையைத்தான் பார்க்கும், பள்ளிக்கென்று தனி நிதி வேண்டும். 1910இல் ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்ற சீமாட்டி அளித்த பெருங்கொடையால் அக்கல்லூரியில் நர்சிங் மற்றும் சுகாதாரத் துறை நிலைபெற்றது. வீடு வீடாகச் சென்று சுகாதாரப் பணி செய்யும் நர்சுகளுக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது.

ஆனால் 1925இல் அவர் ஓய்வுபெற்றபோதும், அமெரிக்காவின் பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகள் மருத்துவமனைக் கணக்கின் கீழேயே இருந்தன. 1948இல் மறையும்வரை அக்குறை அவருக்குத் தீரவில்லை.