காட்சிப்பெட்டிக்குள் ஒரு தலைவர்: பயர்ன் மியூனிக் மியூசியத்தை வாசித்தல்

ஒரு கால்பந்து கிளப்பின் மியூசியத்தில் என்ன இருக்கும்? கோப்பைகள், பழைய பனியன்கள், கறுப்பு வெள்ளைப் படங்கள், வெளியே வரும்போது ஒரு கடை. இதுல போய் வாசிக்க என்ன இருக்கு என்று கேட்கலாம். மியூசியம் பொருள்களின் கிடங்கு அல்ல. எதை எடுத்து வைப்பது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்ற தேர்வுகளால் கட்டப்பட்ட ஒரு பிரதி அது. கிளப் தனக்குத் தானே எழுதிக்கொள்கிற சுயசரிதை. அந்த வகையில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலியான்ஸ் அரேனா அரங்கத்துக்குள் 2012-ல் திறக்கப்பட்ட பயர்ன் மியூனிக் மியூசியம் நம் வாசிப்புக்கு உரியது.

கோப்பைகள் வரிசையாக நிற்கும் நீண்ட நடைவழிக்கு அங்கே லத்தீனில் 'வெற்றி வீதி' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். ரோமானியத் தளபதிகள் போரில் ஜெயித்துத் திரும்பும்போது ஊர்வலம் போன வழியின் ஞாபகம். வால்ட்டர் பெஞ்சமின் 1940-ல் வரலாறு குறித்து எழுதிய குறிப்புகளில் இதே ஊர்வலத்தைத்தான் எடுத்துக்கொண்டார். ஜெயித்தவர்கள் தூக்கிப் போகிற கொள்ளைப் பொருளுக்குத்தான் பண்பாட்டுச் செல்வம் என்று பெயர் என்பது அவர் வாதம். கோப்பை கொள்ளைப் பொருள் இல்லைதான். ஆனால் ஒரு கோப்பையைக் காட்டிவிட்டு, அதைக் கொண்டுவந்த மனிதரை விட்டுவிட முடியும். இந்தக் கிளப்பில் அது நடந்தது.

1900-ல் தொடங்கிய பயர்ன் முதன்முதலில் ஜெர்மன் சாம்பியன் ஆனது 1932-ல். நியூரம்பெர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஐன்ட்ராஹ்ட் ஃப்ராங்க்ஃபர்ட் அணியை 2-0 என்று தோற்கடித்தது. அப்போது கிளப்பின் தலைவர் கூர்ட் லாண்டவர், யூதர். பயிற்சியாளர் ரிச்சர்ட் டோம்பியும் யூதர். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, 1933 மார்ச் 22 அன்று லாண்டவர் பதவி விலகினார். 1938 நவம்பரில் யூதர்கள் மீது நாடு முழுக்க நடத்தப்பட்ட தாக்குதலை ஒட்டிக் கைதாகி டாகாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். 1939-ல் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். உடன்பிறந்தவர்களில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அப்படியும் 1947-ல் மியூனிக்குக்கே திரும்பி வந்து 1951 வரை மறுபடியும் தலைவராக இருந்தார். 1961-ல் இறந்தார்.

பயர்ன் அடுத்த சாம்பியன் பட்டம் வாங்கியது 1969-ல். முப்பத்தேழு வருஷம் கிளப்புக்கு இருந்தது அந்த ஒரே பட்டம்தான். பட்டத்தை மறக்கவில்லை, லாண்டவரை மறந்தார்கள். தலைவர்கள் பட்டியலில் பெயர் இருந்தது. ஏன் விலகினார், எங்கே போனார் என்பது பல பத்தாண்டுகள் பேச்சில் இல்லை. இதை மறதி என்று சொல்வதைவிட, அமைப்பாக்கப்பட்ட மௌனம் என்று சொல்வதே பொருந்தும்.

மௌனத்தை உடைத்தது கிளப் அல்ல. வரலாற்றாளர் டீட்ரிஷ் ஷுல்ட்ஸ-மார்மெலிங் எழுதிய நூல்கள், டாகாவ் நினைவிடத்தில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் முயற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக மைதானத்தில் நின்றுகொண்டு ஆட்டம் பார்க்கிற ரசிகர்கள். 'ஷிக்கெரியா' என்ற ரசிகர் குழு 2006 முதல் லாண்டவர் பெயரில் இனவெறி எதிர்ப்புப் பந்தயம் நடத்தியது. அவர் முகத்தைப் பெரிய பதாகையாக அரங்கத்தில் விரித்தது. 2013-ல்தான் கிளப் அவரை, இறந்து ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, கௌரவத் தலைவர் ஆக்கியது. ஆக, மியூசியத்தில் இன்று லாண்டவர் இருக்கிறார் என்றால், கீழே இருந்தவர்கள் பிடித்து உள்ளே தள்ளியதால் இருக்கிறார்.

சரி, நல்லதுதானே என்று இங்கே முடித்துவிடலாம். சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். லாண்டவர் திரும்பி வந்ததும் அவரைச் சுற்றி ஒரு புதிய கதையாடல் உருவானது: 'நாங்கள் யூதர்களின் கிளப், நாஜிகளால் நசுக்கப்பட்ட கிளப்.' ஒரு தனிமனிதரின் துயரம் ஒரு நிறுவனத்தின் அடையாளமாக மாற்றப்படுகிறது. ஆனால் 1933 ஏப்ரல் 9 அன்று தென் ஜெர்மனியின் 14 கிளப்புகள் யூதர்களை விளையாட்டு அமைப்புகளிலிருந்து நீக்க ஒத்துழைப்போம் என்று அறிக்கை விட்டன. அதில் பயர்னும் ஒன்று. லாண்டவர் விலகிப் பதினெட்டே நாள். 1935-ல் யூதர்களை விலக்கும் விதி கிளப்பின் சட்டத்திலேயே ஏறியது. இது 2016-ல் பத்திரிகைகளில் வந்து சர்ச்சையானது. பின்பு கிளப்பின் ஆதரவோடு நடந்த கிரெகோர் ஹோஃப்மானின் ஆய்வு 2022-ல் நூலாக வந்தது. மற்றக் கிளப்புகளைப் போலவே பயர்னும் அந்த ஆட்சிக்குள் பங்கெடுத்தது என்பதுதான் அதன் சாரம்.

பாதிக்கப்பட்டவரைக் காட்சிக்கு வைப்பது சுலபம். அவருக்கு முகம் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. உடன்பட்டவர்களை எப்படி வைப்பது? கூட்டத்தில் கை தூக்கிய சாதாரண உறுப்பினருக்கு முகம் கிடையாது. ஒரு கையெழுத்து, ஒரு திருத்தப்பட்ட விதி, அவ்வளவுதான். வெற்றி வீதியில் அதற்கு இடம் ஒதுக்குவது கஷ்டம்.

இன்னொன்று, கட்டடத்தின் பெயர். அலியான்ஸ் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. அதன் தலைமை அதிகாரி கூர்ட் ஷ்மிட் 1933-ல் ஹிட்லரின் பொருளாதார அமைச்சர். வதைமுகாம்களின் பட்டறைகளுக்குக்கூட அந்தக் கம்பெனி காப்பீடு செய்ததை, அது தானே அழைத்த வரலாற்றாளர் ஜெரால்ட் ஃபெல்ட்மன் 2001-ல் எழுதியிருக்கிறார். 2008-ல் அமெரிக்காவில் ஒரு புதிய அரங்கத்துக்கு அலியான்ஸ் பெயரைச் சூட்டும் பேச்சு எதிர்ப்பால் நின்றுபோனது. மியூனிக்கில் அந்தப் பெயர் நெற்றியில் ஒளிர்கிறது. அரங்கத்தின் முன்வாசலுக்கு லாண்டவர் பெயர். இரண்டு பெயரும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று பார்க்காமல்.

ஆவணங்களைத் திறந்து ஆய்வுக்குக் கொடுத்ததை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் எந்த மியூசியத்துக்குள் போனாலும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே அழப்படுகிறவர் யார் என்பதோடு, அவரை வெளியே அனுப்பிய கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் கேட்கவேண்டும். முதல் கேள்விக்கு வழிகாட்டியிடம் பதில் இருக்கும். இரண்டாவதுக்குக் கூட்டக் குறிப்பேட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும்.