கூண்டிலிருக்கும் குட்டிக்குத் தண்ணீர்

வீட்டுக்குள் சிறுநீர் போகாமலிருக்க நாய்க்குட்டியைக் கூண்டில் விட்டுப் பழக்குகிறவர்களில் சிலர், கூண்டு நனையக் கூடாது என்று தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். பழக்குவது நல்ல காரியம். கிண்ணத்தை எடுப்பது அப்படியல்ல.

கூண்டு ஏன் நனைகிறது?

குட்டியால் சிறுநீரை அடக்கிவைக்க முடிகிற நேரம் குறைவு. எத்தனை மாதக் குட்டியோ அத்தனை மணி நேரம், மிஞ்சினால் இன்னும் ஒரு மணி நேரம் என்பதே பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டியை ஐந்து மணி நேரம் அடைத்துப் போட்டால், தண்ணீர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கூண்டு நனையும். குடிக்கவில்லை என்பதற்காகச் சிறுநீரகம் வேலையை நிறுத்துவதில்லை. அதோடு, தாகத்தில் கிடந்த குட்டி கிண்ணத்தைக் கண்டதும் ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கும்; சற்று நேரத்தில் அவ்வளவும் மொத்தமாக வெளியே வரும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிற குட்டியை எப்போது வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஊகிப்பது எளிது: தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும். வளர்ந்த நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். குட்டிக்கு இன்னும் கூடுதல். மீனும் சோறும் பிசைந்து வைத்தால் சாப்பாட்டிலேயே கொஞ்சம் ஈரம் சேர்ந்துவிடும். கடையில் வாங்கும் உலர்தீனியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஈரம் இருக்கும்.

திருநெல்வேலி வெயில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இல்லையே?

உண்மைதான், மலையும் கடலும் இந்த மாவட்டத்தைக் காப்பாற்றுகின்றன. ஆனால் நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது; குட்டிக்கு இன்னும் வேகமாக மூச்சிரைக்கும், உடம்பிலுள்ள தண்ணீரை இழக்கும். சித்திரை மாதத்தில் கரண்ட் போய் மின்விசிறியும் நின்றுவிட்டால் கூண்டுக்குள் என்ன ஆகும்? பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இதில் இன்னும் மோசமாகத் தவிக்கும். போதுமான உணவும் தண்ணீரும் கொடுக்காமலிருப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கலாம்.

ராத்திரியில்?

தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுக்கச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். புழுக்கமில்லாத இரவில், பகல் முழுக்க நன்றாகக் குடித்த, நோயில்லாத குட்டிக்கு அது பாதகமில்லை. கடைசியாக ஒரு தடவை வெளியே விட்டுவிட்டுப் படுக்க வைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தைப் பகலுக்கும் நீட்டுவதுதான் தவறு. குட்டி கிண்ணத்தைத் தட்டிக் கொட்டிவிடுகிறது என்பவர்கள் கூண்டுக் கம்பியில் மாட்டும் கிண்ணம் வாங்கலாம். தரையில் வைத்த கிண்ணத்தில் எலி வாய் வைக்கும், சிறுநீரும் கழிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தில் எலிக்காய்ச்சலை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது, அது நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். ஆகவே தண்ணீரை நாள்தோறும் மாற்றி, கிண்ணத்தையும் கழுவுங்கள்.

வழக்கத்துக்கு மீறிக் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும் குட்டிக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அது நோயாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தியும் ரத்தப்பேதியுமாக, ஈறு உலர்ந்து பிசுபிசுத்துக் கிடந்தால் பார்வோ வைரஸாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும்.