வாய்க்கால் தூர்வாரும் பொக்லைன்: ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12 என்பது உழவர் பெருமக்கள் அறிந்ததே. அதற்கு முந்தைய வாரங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்படுகின்றன. முன்பு ஊரார் மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த வேலையை இன்று பொக்லைன் செய்கிறது. 2022-ல் 80 கோடி ரூபாயில் 4,964 கி.மீ. நீளத்திற்கு வேலை எடுக்கப்பட்டது. அவ்வாண்டு அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. இப்படிக் காலம் நெருக்கும்போது இரவிலும் வண்டி ஓடும். களைத்த ஆபரேட்டர் கண்ணயர, உதவிக்கு வந்த பையன் நெம்புகோலைப் பிடிப்பதும் உண்டு. இதற்கு நீங்கள் இடம் தரக்கூடாது.

சுமார் 20 டன் எடையுள்ள பொக்லைன் சேற்றில் எளிதில் அமிழ்வதில்லை. சங்கிலிப் பட்டைகள் எடையைப் பரப்பிவிடுவதால், ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் அழுத்தம் ஏறக்குறைய நிற்கும் மனிதனுடைய அளவே. ஆனால் பக்கெட் நிறைய ஈர மண்ணை அள்ளிக் கையை நீட்டியதும் எடை முழுவதும் பட்டையின் முன்விளிம்புக்கு வந்துவிடுகிறது. கரை சரிவது அப்போதுதான். ஆகவே கரை விளிம்பிலிருந்து குறைந்தது பள்ளத்தின் ஆழ அளவாவது தள்ளி நிற்க வேண்டும். இடம் இருந்தால் பட்டைகளை வாய்க்காலுக்குச் செங்குத்தாக, ஓட்டுப் பற்சக்கரம் பின்புறம் இருக்கும்படி நிறுத்துவது நலம். மண் இளகினால் உடனே பின்வாங்கலாம். நம் ஊர்க் குறுகிய கரைகளில் இது எப்போதும் இயலாது. அங்கே பக்கெட்டைப் பாதி நிரப்பி, கையைக் குறைவாக நீட்டி வேலை செய்பவரே தேர்ந்தவர்.

அடுத்தது மின்கம்பி. வயலின் மேல் செல்லும் 11 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரத்தில் இருந்தாலே விதிப்படி போதும். பொக்லைன் தன் கையை முழுதும் தூக்கினால் 9 மீட்டரைத் தாண்டும்! வேலை தொடங்குமுன் ஆபரேட்டரை வாய்க்கால் நெடுக நடத்திச் சென்று கம்பிகளைக் காட்டுங்கள். தேவையானால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். கை கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் இருக்கையிலேயே இருந்து கையை விலக்க வேண்டும். வண்டி தீப்பற்றினால் மட்டும், இரு கால்களையும் சேர்த்து, வண்டியைத் தொடாமல் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும். வெளியில் நிற்பவர் எவரும் அருகில் செல்லக்கூடாது.

வண்டி சுழலும்போது பின்னாலுள்ள எடைக்கட்டியும் சுழலும். சேற்றில் விரால் பிடிக்க வரும் சிறுவர்கள் நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அவர்களை விலக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் நிறைய வரும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. வாய்க்காலின் அடி, மதகின் அடிமட்டத்திற்குக் கீழே போனால் நீர்மட்டம் தாழ்ந்து, கிளை வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. கடைமடை வயல் காய்ந்துவிடும். மதகு மட்டத்தை முளையடித்துக் காட்டி, அதன்படி அடியை எடுக்கச் சொல்லுங்கள். கரையின் அடிவாரத்தைச் சுரண்டவும் விடாதீர்கள். அள்ளிய மண்ணை விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் அது மறுபடி வாய்க்காலுக்கே வந்துவிடும்.

இவற்றைப் பார்த்துப் பழகிக் கற்பது ஒரு வழி. ஆனால் அதற்குரிய விலை சில சமயம் உயிராக இருக்கிறது. கட்டுமான இயந்திரங்களுக்கென உள்ள தேசியத் திறன் குழு ஆபரேட்டர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துச் சான்றிதழ் வழங்குகிறது. டிராக்டர், பண்ணை இயந்திரங்களுக்கு ஆந்திர மாநிலம் அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பயிற்சி நிலையம் 1983 முதல் உள்ளது. சொந்த நிலத்தில் மண்வேலை செய்ய விரும்புவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்குப் பெறலாம்.

தனியாரிடம் வண்டி அமர்த்தினால், முதல் நாள் ஆபரேட்டர் இறங்குவதைக் கவனியுங்கள். பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொள்கிறாரா? எண்ணெய்க் குழாயில் கசிவு இருந்தால் கையால் தடவுகிறாரா, அட்டையைப் பிடித்துப் பார்க்கிறாரா? ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். கையால் தடவுபவரை மறுநாள் அழைக்க வேண்டாம்.