மூத்த மூளை – 9: மலையேறிப் பழகிய மொழி

பொழுது விடியுமுன்னே குரங்கணி, முந்தல், போடி பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். போடிமெட்டு தாண்டினால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். செடியின் தூரில் குனிந்து, தரையோடு கிடக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும்; பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுவைக்க வேண்டும். பல தோட்டங்களில் வேலை வாங்குவது மலையாளத்தில். கையெழுத்துப் போடத் தெரியாதவரும் கொஞ்ச காலத்தில் அந்த மொழியில் கூலி பேசுகிறார், தேவைப்பட்டால் சண்டையும் பிடிக்கிறார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் தேனி மாவட்டத்தில் தலைமுறைகளாக உண்டு. அவர்களுக்கு மலையாளம் மூன்றாவது மொழி.

பள்ளிக்கூடம் தராத இந்தப் பழக்கம் வயதான மூளைக்கு உதவுமா?

ஹைதராபாத்தில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்துக்கு வந்த 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களை நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு ஆராய்ந்து, 2013-ல் 'நியூராலஜி' இதழில் வெளியிட்டது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகம்: 6 ஆண்டு. மூன்றாவது மொழியால் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஒரு மொழியில் பேசும்போது மற்றதை மூளை அடக்கிவைத்திருக்க வேண்டும். நாள் முழுக்க நடக்கும் இந்த வேலை கவனத்தைக் கூர்மையாக வைத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த சில ஆய்வுகளில் இந்தப் பலன் தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் படிப்பு வாய்க்காதவர்களிடம் கிடைத்த அந்த 6 ஆண்டு சாதாரணமானதல்ல. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம். காய் எடுக்கப் போகும் பெண்கள் இரண்டு கணக்கிலும் வருகிறார்கள்.

வயதாக ஆக மூளையின் வேகம் குறைவது இயல்பு. பெயர் சட்டென்று நாக்கில் வராது. இரண்டு வேலையை ஒன்றாகப் பார்க்க முடியாது. சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதுக்குப் பிறகும் பெரும்பாலும் நிலைக்கின்றன. எடுக்கும் காயின் எடை குறைந்தால் அது வயது. முப்பது வருடம் காய் எடுத்த கை பிஞ்சையும் முற்றலையும் கலந்து போடத் தொடங்கினால், தெரிந்த பாதையில் தடுமாறினால், 'வயசானா மறதிதானே' என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

அங்கே கேட்கும் கேள்விகளும் சரியாக இருக்க வேண்டும். தேதி கேட்பது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது எல்லாம் படித்தவர்களுக்கான சோதனை. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் கிராமத்து முதியவர்களுக்கென்றே அது மாற்றி அமைக்கப்பட்டது. இப்போது காலையா மாலையா, உங்கள் ஊர் எது என்று கேட்டார்கள். எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். குரங்கணியிலிருந்து ஒரு பாட்டியைத் தேனி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர்கள், அவர் வீட்டில் பேசும் மொழி எது, என்ன வேலை பார்த்தார் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காது மந்தமா, கண்ணில் புரையா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். கேள்வி காதில் விழாமல் விழித்தவரையும் மறதிக்காரர் என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

(தொடரும்)