கூடுதலும் ஏன் குறையாகிறது?

குரோமோசோமில் ஒரு துண்டு தொலைந்தால் பிறவிக் கோளாறு வருவது எளிதில் புரிகிறது. துண்டு இரட்டித்தால்? எந்த மரபணுவும் காணாமல் போகவில்லை, கெட்டும் போகவில்லை. இருந்தும் உடல் தடுமாறுகிறது. பல மரபணுக்களுக்குத் தரத்தோடு அளவும் முக்கியம் என்பதே காரணம். ஏழாவது குரோமோசோமில் சுமார் 15 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ள பகுதி ஒன்று இதற்குச் சாட்சி. அதன் இருபுறமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான தொடர்கள் உண்டு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, ஜோடிக் குரோமோசோம்கள் அங்கே இடம் பிசகிப் பொருந்தித் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டால் ஒன்று அப்பகுதியை இழக்கும். மற்றது இரண்டாகப் பெறும். இழந்தால் வில்லியம்ஸ் நோய்: எலாஸ்டின் என்ற புரதம் குறைந்து பெருந்தமனி குறுகும், குழந்தை அந்நியரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்ளும். இரட்டித்தால் பலருக்குப் பெருந்தமனி விரிகிறது, பேச்சு தாமதமாகிறது, பெற்றோரைப் பிரிய அச்சம் வருகிறது. கண்ணாடிப் பிம்பம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எல்லா அறிகுறிகளும் அப்படி நேர்த்தியாகத் தலைகீழாவதில்லை.

உமிழ்நீரில் சுரக்கும் அமைலேஸை உருவாக்கும் மரபணு சிலருக்குப் பத்துப் பிரதிகளுக்கு மேல் இருந்தும் கேடில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி சற்று மிகுந்தால் உடல் பொறுத்துக்கொள்ளும். கருவில் உறுப்புகளை வடிவமைக்கும் புரதங்களில் பலவோ, ஒன்றோடொன்று குறித்த விகிதத்தில் இணைந்தே இயங்குகின்றன. குழந்தைக்கு உள்ள அதே ஏழாவது குரோமோசோம் இரட்டிப்பைக் கொண்ட பெற்றோரிடம் பாதிப்பு லேசாகத் தென்படுவதும் உண்டு. மற்ற மரபணுக்களும் விளைவைக் கூட்டிக் குறைப்பதால், இரட்டிப்பைக் கண்டறிவது மட்டுமே கடுமையைச் சொல்லிவிடாது.