எச்.ஐ.வி.: பரவும் வழியும் மரபு வேறுபாடும்

பெங்களூரு நகரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. 1970-களில் உருப்பெற்ற இப்பகுதியில் பொறியியல் உதிரிப் பாகங்கள், மின்கருவிகள், ஆயத்த ஆடைகள் முதலியவற்றை உற்பத்தி செய்யும் ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் உள்ளன. கர்நாடகத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் இங்கு உழைக்கின்றனர். சென்னையையும் மும்பையையும் இணைக்கும் நெடுஞ்சாலை இதன் வழியே செல்வதால், சரக்கு லாரிகளின் போக்குவரத்து இரவும் பகலும் ஓய்வதில்லை.

தொழில் வளர்ச்சியின் சின்னமாகத் திகழும் இத்தகைய இடங்களைப் பொதுச் சுகாதாரத் துறையினர் மற்றொரு கண்ணோட்டத்திலும் காண்கின்றனர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், குடும்பத்தைப் பிரிந்து வாழும் தொழிலாளரும் தொலைதூர லாரி ஓட்டுநரும் ‘இணைப்புப் பிரிவினர்’ எனக் குறிக்கப்பட்டுள்ளனர். அவர்கள் மீது பழி சுமத்துவதற்காக இப்பெயர் இடப்படவில்லை. நோய் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் வழிகளை அறிந்து, உதவி தேவைப்படும் இடத்தில் அதனை அளிப்பதே இதன் நோக்கம்.

எச்.ஐ.வி. பரவும் வழிகள் நான்கு என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி: பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்கப்படாத இரத்தம், பலர் பயன்படுத்தும் ஊசி, தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல். ஆனால் வைரஸ் எந்த வழியாக உடலில் நுழைகிறது என்பது, எத்தனை வகை வைரஸ்கள் அங்கே வேரூன்றுகின்றன என்பதையும் பெருமளவுக்கு நிர்ணயிக்கிறது. மருத்துவத்திற்கும் தடுப்புப் பணிக்கும் திட்டமிடுவோர் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது.

மாறிக்கொண்டே இருக்கும் வைரஸ்

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. எனும் இழையில் ஏறத்தாழ 9,700 எழுத்துகளில் அடங்கியுள்ளது. வைரஸ் மனித உயிரணுவினுள் புகுந்ததும் இச்செய்தியை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. மருந்து உட்கொள்ளாத ஒருவரின் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான புதிய வைரஸ்கள் தோன்றுகின்றன. ஆகவே, சில ஆண்டுகளில் அவரிடம் இருப்பது ஒரே வைரஸ் அன்று. ஒன்றுக்கொன்று சிறிதளவு வேறுபட்ட வைரஸ்களின் பெருந்திரளே ஆகும்.

மற்றொரு பண்பும் இதற்கு உண்டு. ஒவ்வொரு வைரஸ் துகளிலும் ஆர்.என்.ஏ. இழைகள் இரண்டு இருக்கின்றன. இரு வேறு வகை வைரஸ்கள் ஒரே உயிரணுவைத் தாக்கினால், அடுத்த தலைமுறைத் துகளில் இரண்டின் இழைகளும் இடம்பெறக்கூடும். பின்னர் படியெடுக்கையில் நொதி ஓர் இழையிலிருந்து மற்றதற்குத் தாவுவதால், இரண்டின் பகுதிகளும் கலந்த புதிய வைரஸ் பிறக்கிறது. இதுவே மறுசேர்க்கை எனப்படும். ஆகவே, ஒருவரின் உடலில் எத்தனை வகை வைரஸ்கள் நுழைகின்றன என்பது முக்கியமான கேள்வியாகிறது.

குறுகிய வாயில்

உடலுறவின் வழியே பரவும்போது வைரஸ் சளிச்சவ்வைக் கடந்தாக வேண்டும். இது எளிதன்று. நோயுள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒரு முறை உறவில் தொற்று ஏற்படும் வாய்ப்பு 10,000-இல் ஏறத்தாழ 8 என்றும், பெண்ணிடமிருந்து ஆணுக்கு 4 என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து செலுத்திக்கொள்ளுதலில் இது 63 ஆகவும், நோயுள்ளவரின் இரத்தத்தை ஏற்றினால் 9,250 ஆகவும் உயர்கிறது.

தடை கடினமாக இருப்பதால் அதைக் கடந்து வேரூன்றும் வைரஸ்கள் மிகச் சில. 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், புதிதாகத் தொற்றுற்ற 102 பேரின் வைரஸ் மரபு வரிசைகள் ஆராயப்பட்டன. அவர்களுள் 78 பேரிடம் காணப்பட்ட வைரஸ்கள் அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை எனத் தெரிந்தது. எஞ்சிய 24 பேரிடம் குறைந்தது இரண்டு முதல் ஐந்து வரையிலான மூதாதைகள் காணப்பட்டன. ஒருவரின் உடலில் பல்லாண்டுகளாகப் பெருகிய வேறுபாடுகள் யாவும் இந்த வாயிலில் வடிகட்டப்பட்டு, அடுத்தவரிடம் ஏறத்தாழ மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன.

வாயிலைக் கடப்பது தற்செயலாக நிகழ்வது மட்டுமன்று. ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிய 137 இணையர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட முடிவுகள் இதனை விளக்குகின்றன. பெருகும் திறன் மிக்க வைரஸ்களே கடந்து செல்லும் வாய்ப்பு அதிகம். தொற்றைப் பெறுபவர் பெண்ணாக இருப்பினும், பிறப்புறுப்பில் புண்ணோ அழற்சியோ உள்ள ஆணாக இருப்பினும் இந்த வடிகட்டல் தளர்ந்துவிடுகிறது. திறன் குறைந்த வைரஸ்களும் உள்ளே புகுந்துவிடுகின்றன. பால்வினை நோய்களைத் தக்க காலத்தில் குணப்படுத்துவது எச்.ஐ.வி. தடுப்பின் ஒரு பகுதி என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதனால் தெளிவாகும்.

அகன்ற வாயில்

ஊசியின் வழியே வைரஸ் நேராக இரத்தத்தில் கலக்கிறது. சளிச்சவ்வு எனும் காவல் அங்கில்லை. ஊசி மூலம் போதை மருந்து செலுத்திக்கொண்ட 10 பேரைப் பற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வில், 6 பேரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்கள் வேரூன்றியிருந்தன. அவர்களுள் ஒருவரிடம் எண்ணிக்கை 16 வரை சென்றது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. எனினும் காவல் நீங்கினால் நிகழக்கூடியது என்ன என்பதை இது காட்டுகிறது.

தாயிடமிருந்து சேய்க்குப் பரவும் வழி மீண்டும் குறுகலானதே. கருவிலும் மகப்பேற்றின்போதும் தாய்ப்பாலின் மூலமும் தொற்று நிகழலாம் எனினும், பெரும்பாலான குழந்தைகளிடம் ஒரே மூதாதை வைரஸே காணப்படுகிறது. இங்கு மருந்தின் செல்வாக்கும் சேர்கிறது. மகப்பேற்றின்போது நெவிரபின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்கும் முறை முன்பு நடைமுறையில் இருந்தது. அது ஏராளமான குழந்தைகளைக் காத்தது. ஆயினும், தொற்றுக்கு உள்ளான சில குழந்தைகளிடமும் தாய்மாரிடமும் அம்மருந்துக்கு அடங்காத வைரஸ்கள் தலைதூக்கின. 2014 முதல் நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்குப் பல மருந்துகள் சேர்ந்த தொடர் சிகிச்சை அளிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நாட்டின் வரைபடத்தில் தெரிவது

தனி மனிதரிடம் காணும் இவ்வேறுபாடு நாட்டளவிலும் புலப்படுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் பயன் அது. இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. பின்னர் நடந்த மரபு ஆய்வுகள், நம் நாட்டில் பரவியுள்ள வைரஸில் மிகப் பெரும் பகுதி ‘சி’ எனும் உட்பிரிவைச் சேர்ந்தது என்றும், அது தென்னாப்பிரிக்கப் பகுதியின் வைரஸுடன் நெருங்கிய உறவுடையது என்றும் காட்டின. சென்னையிலிருந்து பெங்களூரு, பீன்யா வழியாக மும்பை செல்லும் நெடுஞ்சாலைப் பகுதிகளில் உடலுறவே முதன்மையான வழியாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் குறுகிய வாயிலைக் கடந்து வந்த வைரஸ் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருப்பதில் வியப்பில்லை.

வடகிழக்கு எல்லையில் நிலைமை வேறு. மணிப்பூரில் 1989-90-இல் ஊசி மூலம் போதை மருந்து செலுத்திக்கொள்வோரிடம் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அண்டையிலுள்ள மியான்மரிலிருந்து ஹெராயின் வரும் பாதையில் அம்மாநிலம் அமைந்துள்ளது. அங்கு ‘சி’ பிரிவுடன், தாய்லாந்தில் காணப்படும் ‘பி’ பிரிவும், இரண்டும் கலந்த மறுசேர்க்கை வைரஸ்களும் காணப்பட்டன. இதே போதைப் பாதையின் மறுமுனையான சீனத்தின் யுன்னான் மாநிலத்தில், இந்திய ‘சி’ பிரிவும் தாய்லாந்து ‘பி’ பிரிவும் கலந்து உருவான இரு கலப்பு வைரஸ்கள் பின்னர் அந்நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவின. இரு வகைகள் ஒரே இடத்தில் சந்திப்பதும், ஊசி எனும் அகன்ற வாயில் அங்கே திறந்திருப்பதும் சேரும்போது புதிய கலப்புகள் தோன்றுவதற்கு வழி ஏற்படுகிறது.

வாயில் குறுகலாயினும் வைரஸின் மாற்றம் நின்றுவிடுவதில்லை. பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தின் டாக்டர் உதயகுமார் ரங்கா குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வைரஸின் பெருக்கத்தைத் தூண்டும் பகுதியில் ‘சி’ பிரிவுக்கு வழக்கமாக மூன்று பிணைப்பிடங்கள் உண்டு. நான்கு பிணைப்பிடங்கள் கொண்ட புதிய வகை இந்தியாவில் தோன்றி, சில ஆண்டுகளிலேயே பங்கில் உயர்ந்து வந்ததை அவர்கள் கண்டறிந்தனர்.

தவறான முடிவுகள் வேண்டா

இச்செய்திகளிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு இடமளிக்கலாகாது. முதலாவது, குறிப்பிட்ட உட்பிரிவு குறிப்பிட்ட வழியை ‘விரும்புகிறது’ என்ற எண்ணம். தாய்லாந்தில் தொடக்கத்தில் ஊசி பயன்படுத்துவோரிடம் ‘பி’ பிரிவும், உடலுறவின் வழியே தொற்றுற்றோரிடம் ‘ஏ-ஈ’ எனும் வகையும் மிகுந்திருந்தன. அப்போது பலர் இவ்வாறே கருதினர். ஆனால் பின்னாளில் ‘ஏ-ஈ’ வகை ஊசி பயன்படுத்துவோரிடையிலும் பரவியது. எந்த வைரஸ் எந்தக் குழுவில் முதலில் நுழைந்தது என்பதே அவ்வேறுபாட்டின் பெருங்காரணம். வழி நிர்ணயிப்பது, எத்தனை வைரஸ்கள் புகும், எத்தகைய தடையைக் கடக்கும் என்பதையே.

இரண்டாவது, மரபு வரிசையைக் கொண்டு ‘இன்னார் இன்னாருக்குத் தொற்றச் செய்தார்’ என்று கூறிவிடலாம் என்ற எண்ணம். இருவரின் வைரஸ்கள் நெருங்கிய உறவுடையவை எனத் தெரிந்தாலும், இடையே மூன்றாமவர் ஒருவர் இருந்திருக்கலாம். இருவரும் வேறொருவரிடமிருந்து பெற்றிருக்கலாம். மரபு வரைபடம் பாதைகளைக் காட்டும், குற்றவாளிகளைக் காட்டாது. தொற்றுற்றோரின் இரகசியத்தைப் பேணுவதும், அவர்களை வேலையிலிருந்தும் கல்வியிலிருந்தும் ஒதுக்காமல் காப்பதும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி கடமையாகும். தொழிலாளர் நிறைந்த பகுதிகளில் பணிபுரியும் அலுவலர்கள் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். பழிக்கு அஞ்சுவோர் பரிசோதனைக்கு முன்வருவதில்லை.

திட்டமிடுவோர்க்குப் பாடம்

வாயில் குறுகலாக இருப்பதே மனிதனுக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு. ஆணுறை, பால்வினை நோய்ச் சிகிச்சை ஆகியவை அவ்வாயிலை மேலும் அடைக்கின்றன. தொற்றிய தொடக்கத்தில் வைரஸ்கள் ஏறத்தாழ ஒரே தன்மையுடையன. வேறுபாடுகள் பெருகுமுன் சிகிச்சை தொடங்கினால் மருந்துக்கு அடங்காதவை தோன்றும் வாய்ப்பும் குறைகிறது. தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்னும் கொள்கையை இந்தியா 2017-இல் ஏற்றது. மருந்தினால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியே நோய் பரவுவதில்லை என்பதும் உறுதிப்பட்டுள்ளது.

அகன்ற வாயில்களை மூடுவது அதனினும் இன்றியமையாதது. 1998 ஜனவரி முதல் தொழில்முறை இரத்த தானம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஊசி பயன்படுத்துவோர்க்குத் தூய ஊசிகளும் மாற்று மருந்தும் அளிக்கும் பணி, ஒரு மாநிலத்தின் நலத்திற்கு மட்டும் உரியதன்று. நாட்டில் புதிய கலப்பு வைரஸ்கள் தோன்றாமல் காக்கும் பணியுமாகும்.

பீன்யாவில் பொழுது சாய்ந்து ஆலை விட்டு வெளியேறும் தொழிலாளிக்கும், சாலையோரம் லாரியை நிறுத்தும் ஓட்டுநருக்கும் மரபு வரிசை பற்றிய அறிவு தேவைப்படாது. அவர் பணிபுரியும் இடத்திற்கு அருகிலேயே, அவருக்கு ஓய்வுள்ள நேரத்தில், பெயர் வெளிப்படாமல் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். வைரஸின் வாயிலை அடைப்பதற்கு மருத்துவமனையின் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.